எதிலும் முதலிடம் பெறாத தோட்டா

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆப்பிரிக்கக் காட்டுக்குப் பெருவிலங்கு வேட்டைக்குப் போகிற ஒருவர் ஒரே ஒரு ரகத் தோட்டாவைத்தான் கொண்டுபோகலாம் என்றால், எதைக் கொண்டுபோக வேண்டும்? நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வேட்டைக்காரர்கள் இதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதிச் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையைத்தான் இன்று உங்கள் முன் விரித்து வைக்கப்போகிறேன்.

நான் வேட்டைக்காரன் இல்லை. துப்பாக்கி உரிமம்கூடக் கிடையாது. வேட்டை எழுத்தாளர்களான ஜிம் கார்பெட்டையும் கென்னத் ஆண்டர்சனையும் படித்து, அந்த ருசியில் ஆப்பிரிக்க வேட்டை நூல்களுக்குத் தாவியவன். வேட்டை சரியா தவறா என்பது இன்றைய பேச்சில் இல்லை. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதையை முடித்துவைத்தது. கென்யா 1977-இல் வேட்டையைத் தடை செய்தது. தான்சானியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே, நமீபியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் உரிமம் பெற்று வேட்டையாடுவது இன்றும் நடக்கிறது. வேட்டையே கூடாது என்பவர்களுக்கும் இந்தக் கேள்வியில் வேலை இருக்கிறது. சரணாலயத்தில் பயணிகளைக் கால்நடையாக அழைத்துச் செல்லும் வழிகாட்டியின் தோளிலும், வயலுக்குள் புகுந்த யானையை எதிர்கொள்ளும் வனக்காவலரின் தோளிலும் தொங்குவது இதே துப்பாக்கிகள்தாம்.

முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். காலையில் எதிர்ப்படும் இம்பாலா மான் ஐம்பது கிலோ. அது இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும். நண்பகலில் இலண்ட் மான், ஒரு நல்ல காளையின் எடை. மாலையில் புதருக்குள் எருமை. ஐந்நூறு கிலோவிலிருந்து தொள்ளாயிரம் கிலோ வரை இருக்கும், பதினைந்து மீட்டரில் நின்று முறைக்கும். யானையோ ஐந்து டன், ஆறு டன். தொலைவுக்கு வேகமான, நேராகப் பறக்கிற குண்டு வேண்டும். பருமனுக்குக் கனமான, ஆழமாக இறங்குகிற குண்டு வேண்டும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். இரண்டையும் கூட்டினால் சுடுகிறவன் தோள் தாங்காது.

இந்தத் தோள் விவகாரம் பழையது. 1870-களில் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் யானை வேட்டையாடிய ஃபிரெடரிக் செலூஸ் பயன்படுத்தியது நான்காம் எண் துளைத் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தை நான்கு உருண்டையாக உருட்டினால் அதில் ஓர் உருண்டை அந்தக் குழலுக்குப் பொருந்தும். ஒவ்வொன்றும் 113 கிராம். கரிமருந்துக்கு வேகம் கொடுக்கத் தெரியாது. ஆகவே அந்தக் காலத்தவர்கள் எடையை ஏற்றினார்கள். அந்த உதை தன் நரம்பைப் பாதித்து, பின்னாளில் தன் குறியையே கெடுத்தது என்று செலூஸே எழுதி வைத்திருக்கிறார்.

புகையில்லா மருந்தான கார்டைட் வந்ததும் ஆட்டம் மாறியது. 1898-இல் ஜான் ரிக்பி நிறுவனம் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவைக் கொண்டுவந்தது. புள்ளிக்குப் பின் வரும் இந்த எண்கள் குழலின் விட்டத்தை அங்குலத்தில் ஏறத்தாழச் சொல்பவை. குண்டு 31 கிராம். செலூஸின் குண்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நொடிக்கு 655 மீட்டர் வேகத்தில் போய், பழைய ஈய உருண்டையைவிட ஆழமாக இறங்கியது. பெரிய எலும்பை உடைக்கப் பெரிய ஈயக்கட்டி வேண்டும் என்ற நம்பிக்கை அன்றோடு சரிந்தது.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1907 வாக்கில் பிரிட்டிஷ் அரசு, இந்தியாவிலும் சூடானிலும் .450 துளைத் துப்பாக்கிகளுக்குத் தடை போட்டது. கலகக்காரர்கள் கையில் இருந்த பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளும் அதே துளை; வேட்டைத் தோட்டாவின் குண்டு அவற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயம். லண்டன் கடைக்காரர்கள் சளைக்கவில்லை. துளையை ஒரு நூலளவு மாற்றினார்கள்: .465, .470, .475. இன்று ஆப்பிரிக்க சஃபாரியின் அடையாளமாகச் சொல்லப்படும் .470 பெயர் வாங்கியதற்கு, விலங்குகளைவிடக் கல்கத்தா அதிகாரிகளின் அச்சமே பெரிய காரணம்.

சரி, இரண்டு மனிதர்களுக்கு வருகிறேன். ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், டபிள்யூ. டி. எம். பெல். உகாண்டாவின் கரமோஜாவில் அலைந்ததால் 'கரமோஜோ பெல்' என்று பெயர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர், அவற்றில் பெரும்பாலானவை .275 ரிக்பி என்ற ஒல்லியான துப்பாக்கிக்கு விழுந்தவை. இது 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். குண்டு வெறும் 11 கிராம். சம்பாவத் புலியைக் கொன்றதற்காக 1907-இல் கார்பெட்டுக்குப் பரிசாகத் தரப்பட்டதும் இதே .275 ரிக்பிதான்.

இன்னொருவர் அயர்லாந்தில் பிறந்த ஜான் டெய்லர். 'போண்டோரோ' என்று அழைக்கப்பட்டவர். மொசாம்பிக் பக்கம் உரிமத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாமல் யானை சுட்டவர். 1948-இல் ஆப்பிரிக்கத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் இத்துறையில் பாடநூல் மாதிரி. அவர் ஒரு கணக்குப் போட்டார். குண்டின் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி 7000-ஆல் வகுத்தால் வருவது 'வீழ்த்தும் மதிப்பு'. எடை கிரெயின் என்ற பழைய ஆங்கில அளவில், வேகம் நொடிக்கு இத்தனை அடி என்று, விட்டம் அங்குலத்தில். இந்தக் கணக்கில் .470-க்கு 73 மதிப்பெண். பின்னால் நாம் பார்க்கப்போகும் .375-க்கு 40. பெல்லின் .275-க்கு வெறும் 16.

அத்தனை யானைகளைச் சாய்த்த தோட்டாவுக்குப் பதினாறு மதிப்பெண்! அப்படியானால் டெய்லர் கணக்கு பொய்யா? பலர் அப்படித்தான் முடிவு கட்டுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. டெய்லர் எதை அளந்தார் என்று பாருங்கள். யானையின் தலையில் பட்டும் மூளையில் படாமல் போன குண்டு அதை எவ்வளவு நேரம் தடுமாற வைக்கும் என்பதையே அவர் அளக்கப் பார்த்தார். பெல் பேசியது குறியில் பட்ட குண்டைப் பற்றி. டெய்லர் பேசியது குறி தவறிய குண்டைப் பற்றி. இருவரும் சொன்னது உண்மை. அவர்களைப் படித்தவர்கள்தான் இரண்டு பேச்சையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார்கள்.

குறியில் பட்ட குண்டுக்கு என்ன தேவை? யானையின் தலையைச் சற்றுப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். மத்தகம் அவ்வளவு பெரிதாக எழுந்து நிற்கிறது. மூளை அங்கே இல்லை. மத்தகம் முழுக்கத் தேன்கூடு போல அறை அறையாகக் காற்று நிறைந்த எலும்பு. மூளை மிகவும் கீழே, பின்னால், இரண்டு காதுத் துளைகளுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. பக்கவாட்டில் நின்று சுடுபவனுக்குக் காதுத் துளை வழி காட்டும். எதிரே நிற்பவனுக்கு வழிகாட்டி எதுவும் இல்லை. யானை தலையைத் தூக்கினால் ஓரிடம், தாழ்த்தினால் வேறிடம். நெருங்க நெருங்க நாம் அண்ணாந்து பார்ப்பதால் குறியும் துதிக்கையில் கீழே இறங்கிக்கொண்டே வரும். பெல் யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்தே இதைக் கற்றார். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் அந்த மண்டைக்குள் மூளை மிதப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் பிறகு அவருக்குத் தேவைப்பட்டது, அவ்வளவு எலும்பையும் வளையாமல், திசை மாறாமல் கடந்து போகிற குண்டு ஒன்றுதான்.

அப்படிக் கடந்து போவது எதனால் வருகிறது? கோணி ஊசி சாக்கில் இறங்குவது போலத்தான்: தள்ளும் எடை எத்தனை, அதை எதிர்க்கும் பரப்பு எத்தனை என்ற விகிதம். குண்டின் எடையைக் கிராமில் எடுத்து, செண்டிமீட்டரில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். பெல்லின் 11 கிராம் குண்டுக்கு ஏறத்தாழ 21½ வரும். .375-இன் 19½ கிராம் குண்டுக்கும் அதே 21½தான். ஒல்லியான குண்டு யானை மண்டையைத் துளைத்ததில் மாயம் எதுவும் இல்லை. எடைக்கும் குறுக்களவுக்கும் உள்ள விகிதத்தில் அது பெரிய துப்பாக்கிகளுக்குச் சமமாகவே நின்றது.

மறுபக்கத்துக்கு ஓர் உதாரணம். கென்னத் ஆண்டர்சன் நம் ஓசூர், தர்மபுரி காடுகளில் தூக்கிக்கொண்டு அலைந்த .405 வின்செஸ்டர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1909-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போன அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் அதையே கொண்டுபோனார். சிங்கத்துக்கு அதுவே மருந்து என்று கொண்டாடினார். அதன் குண்டு 300 கிரெயின், .375-இன் குண்டும் 300 கிரெயின். ஒரே எடை. ஆனால் .405-இன் குண்டு தடிமன். நாம் போட்ட கணக்கில் 18-ஐத் தாண்டாது. வேகமும் குறைவு. தோல் மெல்லிய புலிக்கும் சிங்கத்துக்கும் அது வேண்டிய அளவுக்கு மேல். காண்டாமிருகத்துக்கும் எருமைக்கும் அது போதாது என்று ஆப்பிரிக்காவில் பெயர் வாங்கியது. ஆண்டர்சனுக்குக் கைகொடுத்த துப்பாக்கி ஆப்பிரிக்காவுக்கு ஏன் பொருந்தவில்லை என்பதை இந்த ஓர் எண்ணே சொல்லிவிடுகிறது.

எண் மட்டும் போதாது, குண்டின் கட்டுமானமும் முக்கியம். ஈய மூக்குள்ள குண்டு உடலுக்குள் பட்டதும் காளான் போல விரியும். சிங்கத்துக்கும் மானுக்கும் அது வேண்டும். யானைக்கு விரியாத கெட்டிக் குண்டு வேண்டும். விரிந்தால் மத்தகத்திலேயே நின்றுவிடும். எருமைக்கு இரண்டும் பயன்படும். ஒரே தோட்டா என்று சொல்லும்போது ஒரே குண்டு என்று பொருள் இல்லை. ஒரே உறையில் இரண்டு வகைக் குண்டும் கிடைக்க வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் போய்ப் படவும் வேண்டும்.

இப்போது .375-க்கு வருவோம். முழுப் பெயர் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம். லண்டன் துப்பாக்கிக் கடையான ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-இல் கொண்டுவந்தது. பித்தளை உறை 72 மில்லிமீட்டர். குண்டோடு சேர்த்தால் 91. உறையின் அடியில், விளிம்புக்குச் சற்று மேலே, ஓர் ஒட்டியாணம் போட்டிருக்கிறது. தோட்டா அறைக்குள் எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. அந்த வேலையை ஒட்டியாணம் செய்வதால், மேலே உறை கழுத்தாகக் குறுகும் 'தோள்' பகுதியைச் செங்குத்தாக நிமிர்த்த வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே உறை அடியிலிருந்து கழுத்துவரை சீராகச் சரிந்து ஒடுங்குகிறது. அழகுக்காக இல்லை. கார்டைட் வெயிலில் சூடேறினால் அழுத்தம் எகிறும். நேரான உறை அறைச்சுவரில் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கும். சரிவான உறை கொஞ்சம் அசைந்தாலே விடுபட்டுவிடும். எருமை ஓடி வரும்போது இரண்டாவது தோட்டா தடையில்லாமல் உள்ளே போவதற்கும் அதே சரிவு உதவுகிறது.

இந்தத் தோட்டா எதில் முதலிடம்? எதிலும் இல்லை. ஓங்கி அடிப்பதில் .470-க்குப் பின்னால். தொலைவுக்குச் சுடுவதில் அதைவிட வேகமான சிறு தோட்டாக்கள் பல உண்டு. உதை குறைவில் .275 எங்கோ முன்னால். ஆனால் ஒவ்வொரு பந்தயத்திலும் .375 தாக்குப்பிடித்து நிற்கும். அதன் 270 கிரெயின் குண்டு, மான் வேட்டைக்குப் பேர்போன .30-06-இன் 180 கிரெயின் குண்டு பறக்கும் பாதையிலேயே ஏறத்தாழப் பறக்கும். இம்பாலாவை இருநூறு மீட்டரில் எடுக்கலாம். 300 கிரெயின் கெட்டிக் குண்டைப் போட்டால் யானை மண்டையைக் கடக்கும். வெவ்வேறு எடைக் குண்டுகளையும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றும் அதற்குப் பெயர் உண்டு.

உதையைச் சொல்ல வேண்டும். .30-06-ஐ ஒரு பங்கு என்று வைத்தால், .375 ஏறத்தாழ இரண்டு பங்கு, .416, .458 போன்றவை மூன்று பங்கு. இரண்டு பங்கைப் பழகிக்கொள்ள முடியும். மூன்று பங்கைப் பலரால் முடியாது. விசையை இழுக்கும் கணத்தில் கண் மூடிக்கொள்ளும், தோள் சுருங்கும், குழல் ஆடும். எருமையின் இதயத்துக்குப் போக வேண்டிய 32 கிராம் குண்டு குடலில் போய்ப் படும். குடலில் பட்ட பெரிய குண்டைவிட இதயத்தில் பட்ட சிறிய குண்டு மேல். இதில் பெல்லும் டெய்லரும்கூட ஒத்துப்போவார்கள்.

வெற்றிக்கு இன்னொரு காரணம் கடைத்தெருவில் இருக்கிறது. எவ்வளவு நல்ல துப்பாக்கியானாலும் தோட்டா கிடைக்காவிட்டால் அது தடிதான். நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாக்களுக்கு உலகம் நம்பியிருந்தது இங்கிலாந்தின் கைனாக் நிறுவனத்தை. 1960-களில் கைனாக் அந்த வரிசையைக் கைவிட ஆரம்பித்ததும், விலை உயர்ந்த இரட்டைக்குழல் துப்பாக்கிகள் ஒவ்வொன்றாக அநாதையாயின. .375-க்கு அந்தக் கதி வரவில்லை. அமெரிக்காவில் 1925-லேயே அதற்குத் தோட்டா தயாராகத் தொடங்கியிருந்தது. 1937-இல் வின்செஸ்டர் நிறுவனம் தன் மாடல் 70 துப்பாக்கியை அதற்கும் செய்து விற்றது.

அந்தப் பெரிய துப்பாக்கிகளின் இடத்தைப் பிடிக்க, அதற்கு முன்பே 1956-இல் வின்செஸ்டர் .458 மேக்னத்தைக் கொண்டுவந்தது. விலை மலிவு, சாதாரண நீளத் துப்பாக்கியிலேயே பொருந்தும். அந்த வசதிக்கு ஒரு விலை இருந்தது. உறை குட்டையாக இருந்ததால் மருந்தை அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தது. நாளடைவில் மருந்து கட்டிதட்டி, சொன்ன வேகம் வரவில்லை என்று புகார்கள் எழுந்தன. 1959-இல் மொசாம்பிக்கில் எருமையிடம் அடிபட்ட ஜாக் லாட் என்ற அமெரிக்கர், பின்னாளில் உறையை நீட்டி .458 லாட்டை உருவாக்கினார். காகிதத்தில் உள்ள வேகமும் காட்டில் கிடைக்கும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை அவர் எருமையின் கொம்பிலிருந்து தெரிந்துகொண்டார் என்றே சொல்லலாம்.

.375-இன் போட்டியாளர்கள் இருவரையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மானியர் ஓட்டோ போக் 1905-இல் உருவாக்கிய 9.3×62, ஆப்பிரிக்காவில் குடியேறிய ஜெர்மானிய விவசாயிகளின் தோழன். சாதாரண மவுசரில் பொருந்தும், விலை குறைவு, .375-க்கு ஓரடி பின்னால். ரிக்பியின் .416, 1911-ஐச் சேர்ந்தது. 26½ கிராம் குண்டு, அருமையான ஊடுருவல், ஓரடி முன்னால். ஆனால் உதை மூன்று பங்கு.

சட்டமும் வந்து இதில் முத்திரை குத்தியது. ஆபத்தான விலங்குகளுக்கு .375-க்குக் குறையக்கூடாது என்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் விதி வந்தது. நமீபியா ஆற்றலுக்கும் எல்லை வைக்கிறது: எருமைக்கும் யானைக்கும் குறைந்தது 5,400 ஜூல். .375 சுமார் 5,700 ஜூல் தருகிறது, மயிரிழையில் உள்ளே. பெல்லின் .275 தருவது 2,700. இன்று அவர் உயிரோடு வந்தால் தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு யானைக் காட்டுக்குள் நுழையவே முடியாது.

ஆக, விடை .375 என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். டெய்லரே ஒரே துப்பாக்கி வேண்டுவோருக்கு அதைத்தான் பரிந்துரைத்தார். ஆனால் அந்த விடைக்குள் ஒரு மனிதர் ஒளிந்திருக்கிறார்; அவரைக் காட்டாமல் போனால் இந்தப் பேச்சு முழுமையாகாது.

சஃபாரிக்கு வரும் விருந்தினர் .375-ஐச் சுடும்போது, இரண்டடி பின்னால் தொழில்முறை வேட்டைக்காரர் ஒருவர் நிற்பார். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் .458, .470 போன்ற பெரிய துப்பாக்கி. விருந்தினருக்குத் தேர்வு உண்டு. காற்று மாறினால், புதர் மறைத்தால், கோணம் சரியில்லாவிட்டால், அவர் சுடாமல் திரும்பிவிடலாம். பின்னால் நிற்பவருக்கு அது கிடையாது. அடிபட்ட எருமை முட்புதருக்குள் புகுந்துவிட்டால், அவர் அதன் ரத்தத் தடத்தைப் பின்தொடர்ந்தே ஆக வேண்டும். எருமை வெளியே பாயும்போது தூரம் சில மீட்டர்தான். குறி பார்க்க நேரம் இருக்காது; மூளையோ முதுகுத்தண்டோ கிடைக்காமல் போகலாம். அங்கே டெய்லரின் கணக்கு உயிர்பெறுகிறது: தவறிய குண்டும் விலங்கைத் தடுமாற வைக்க வேண்டும்.

பெல் ஏன் ஒல்லித் துப்பாக்கியோடு பிழைத்தார் என்பதும் இப்போது விளங்கும். அவர் காலத்துக் கரமோஜாவில் யானைகள் துப்பாக்கியை அதிகம் அறிந்திருக்கவில்லை. வேண்டிய யானையை வேண்டிய கோணத்தில் வரும்வரை அவரால் காத்திருக்க முடிந்தது. சரியில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததைத் தேட முடிந்தது. வனக்காவலருக்கு அந்த வசதி இல்லை; ஊருக்குள் வந்து நிற்கும் யானைதான் அவருடைய யானை.

ஆகவே 'எந்தத் தோட்டா?' என்று யாராவது கேட்டால், முதலில் அவரிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: சுடாமல் இருந்துவிட உங்களுக்கு உரிமை உண்டா? உண்டு என்றால் .375 எடுத்துக்கொள்ளுங்கள், விரியும் குண்டும் கெட்டிக் குண்டும் இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள், உதை பழகும்வரை இலக்குப் பலகையில் சுட்டுப் பாருங்கள், உறுதி இல்லாத நேரத்தில் விசையைத் தொடாதீர்கள். இல்லை என்றால், .416-இலிருந்து தொடங்கி உங்கள் தோள் ஒழுங்காகச் சுடக்கூடிய உச்சம் எதுவோ அதுவரை போங்கள். ஒரே தோட்டா என்ற கனவு முன்னவருக்கே நிறைவேறும். அதுவும் பின்னவர் பக்கத்தில் நிற்பதால்தான்.